நான்கு பிள்ளைகள் உள்ள படம்

புத்தகம் வாங்குகிறவர்களில் பல ரகம் உண்டு. அட்டையைப் பார்த்து வாங்குகிறவர்கள், விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறவர்கள், தாளை முகர்ந்து பார்க்கிறவர்கள், பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு முழுப் புத்தகத்தையும் கரைத்துக் குடித்த மாதிரி பேசுகிறவர்கள். கடைசி ரகத்தில் நானும் ஒருவன். இலங்கை மலைநாட்டில், ஹட்டன் கடைவீதியில் எங்கள் குடும்பத்துக்குப் புத்தகக் கடை. கல்லாவில் உட்காருவது அண்ணனின் வேலை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்கும் வாசிகசாலைகளுக்கும் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்குவது என் பங்கு. அப்படி அலைந்த காலத்தில்தான் இந்த ரகங்கள் எதிலும் சேராத ஒரு பெண்ணைப் பார்த்தேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. கொட்டகலையைத் தாண்டி ஒரு தோட்டத்தில் பழைய பிள்ளைக் காம்பராவை வாசிகசாலையாக மாற்றியிருந்தார்கள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடமாக அது இருந்தது. குழந்தைகளுக்குப் புதுக் கட்டடம் வந்ததும் தோட்டத்து இளைஞர்கள் இதைக் கேட்டு வாங்கிச் சுண்ணாம்பு அடித்து, இரண்டு அலுமாரி வைத்து, அவரைப் பொறுப்பாக உட்கார வைத்தார்கள். ஏணை கட்டிய கொக்கிகள் கூரை மரத்தில் அப்படியே இருந்தன. ஒன்றில் அவருடைய குடை தொங்கும். நாற்பதை நெருங்கிய வயது. சேலைக்கு மேல் கணவருடைய சாம்பல் நிறச் சுவெட்டர். உயர்தர வகுப்பில் உயிரியல் எடுத்து, முதல் வருடம் முடிவதற்குள் கல்யாணம் ஆகிப் படிப்பை விட்டவர். வாசிக்க வருகிற பிள்ளைகள் அவரை மிஸ் என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணே என்றார்.

முதல் முறை போனபோது மரபியலும் மூலக்கூற்று உயிரியலுமாகப் பெட்டியை நிரப்பியிருந்தேன். அறிவியலில் புதிதாக நுழைகிறவர்களுக்கான நூல்கள் அவர்களுக்கு வேண்டும் என்று யாரோ என் காதில் போட்டிருந்தார்கள். கடைக்காரனின் அகராதியில் ஆரம்ப நூல் என்றால் மெல்லியதாக இருக்க வேண்டும், கலர் படம் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவர் ஒரு புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்தைத் திறக்கவில்லை. நடுவில் பிளந்து, சன்னலோரம் நின்றபடியே இரண்டு மூன்று பக்கம் படித்தார். விரலை உள்ளே விட்டு மூடினார். கண்களையும் மூடிக்கொண்டார். என்னடா இது, நின்றுகொண்டே தூங்குகிறாரே என்று நினைத்தேன். அப்புறம் கண்ணைத் திறந்து கேட்டார்.

"அண்ணே, இத இந்த எடத்துல மூடி வச்சிட்டுப் போற பிள்ள, என்ன நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகும்?"

முழுதாகப் படித்தால் எல்லாம் விளங்கிவிடும் மிஸ் என்றேன். முழுதாகப் படிக்கிறவர்களுக்கு எந்தப் புத்தகமும் போதும், ஆரம்பப் புத்தகத்தை யாரும் முழுதாகப் படிப்பதில்லை என்றார். சிரிக்காமல் சொன்னார். பின்னட்டை வாசகனாகிய நான் பெட்டியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். பெட்டி நிறையக் கொண்டுபோனதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அடுக்கிக் கொடுத்தார். அந்த மேட்டில் பஸ் நிற்கும் இடம் வரை பெட்டியைச் சுமந்துகொண்டு நடக்கும்போது அவரை வாய்க்குள் நன்றாகத் திட்டினேன்.

ஆனாலும் மறுபடி போனேன். பிறகு வழக்கமாகவே போனேன். அவர் புத்தகங்களை ஒதுக்குவதற்குச் சொல்லும் காரணங்களைக் கேட்பதே ஒரு பொழுதுபோக்காகிவிட்டது.

ஒரு புத்தகம் பட்டாணிச் செடியில் ஆரம்பித்துப் பாதி தூரம் வரை பட்டாணியை விட்டு வெளியே வரவில்லை. அவருடைய தாய்வீடு ராகலையில். அங்கே வீட்டுக்கு வீடு லீக்ஸும் கரட்டும் போடுகிறவர்கள். இதை எங்கள் ஊர்ப் பிள்ளையிடம் கொடுத்தால் மரக்கறிப் புத்தகம் என்று அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் என்றார். இன்னொன்று டி.என்.ஏ.யை ஏணி ஏணி என்று பக்கத்துக்குப் பக்கம் சொன்னது. பாதியில் மூடுகிற பிள்ளை தன் உடம்புக்குள் ஏணி நிற்கிறது என்று போகும், அதில் யார் ஏறுகிறார்கள் என்று வந்து கேட்கும் என்றார். சென்னையில் அச்சான சில புத்தகங்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆனால் அவை செல் என்கிறதை நம் பாடப்புத்தகம் கலம் என்கிறது, குரோமோசோம் என்கிறதை நிறமூர்த்தம் என்கிறது, ஜீன் என்கிறதைப் பரம்பரையலகு என்கிறது. அவற்றை அவர் தள்ளமாட்டார். சொல்லுக்குச் சொல் துண்டுக் காகிதத்தில் எழுதி, அந்தந்தப் பக்கத்தில் சோற்றுப் பசை தடவி ஒட்டுவார். நான் விற்ற புதுப் புத்தகம் ஒரு மாதத்தில் பழைய புத்தகம்போல் உப்பிக் கிடக்கும்.

எல்லாம் இப்படி வேடிக்கையாக இருக்கவில்லை. எங்கள் கடையில் நன்றாக ஓடிய ஒரு புத்தகம் இருந்தது. கோபத்துக்கு ஒரு பரம்பரையலகு, குடிக்கு ஒரு பரம்பரையலகு என்று அத்தியாயத்துக்கு ஒன்றாகச் சுவாரசியமாகப் போகும். கடைசி அத்தியாயத்தில், இதெல்லாம் ஓரளவுக்குத்தான், வளர்ப்பும் சூழலும் சேர்ந்ததுதான் மனிதன் என்று ஒரு நல்ல முடிவுரை உண்டு. அதைக் காட்டித்தான் அவரிடம் விற்கப் பார்த்தேன். அவர் குடி அத்தியாயத்தில் விரலை வைத்து மூடினார்.

"குடிகார அப்பன் இருக்கிற பிள்ள, இத எந்தப் பக்கத்துல மூடும்னு நெனைக்கிறீங்க?"

அந்தப் புத்தகத்தை அதற்குப் பிறகு நான் எந்தத் தோட்டத்துக்கும் கொண்டுபோகவில்லை. கடையில் அண்ணன் விற்றுக்கொண்டுதான் இருந்தார்.

அவருக்குப் பிடித்த புத்தகமும் உண்டு. அட்டை மங்கி, படங்கள் கறுப்பு வெள்ளையில், பார்க்கவே சகிக்காது. ஆனால் அது விதையில் முளைக்கிற செடிக்கும் கிளை வெட்டி நட்ட செடிக்கும் உள்ள வித்தியாசத்தில் ஆரம்பித்தது. வாசிகசாலைச் சன்னலில் நின்றால் இரண்டு மலையும் தெரியும். பழைய விதைத் தேயிலை மலையில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு பச்சை. கிளை வெட்டி நட்ட மலை முழுக்க ஒரே பச்சை. பிள்ளைகளைச் சன்னலுக்குக் கூட்டிவந்து காட்டிவிட்டு, புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். மூன்றாம் பக்கத்தில் மூடினாலும் நஷ்டமில்லை என்பார்.

இவ்வளவும் எனக்குப் பிடித்திருந்தது. ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது.

மரபியல் ஆரம்ப நூல்களில் ஒரு படம் இருக்கும். பார்த்திருப்பீர்கள். மேலே அப்பா அம்மா. கீழே வரிசையாக நான்கு பிள்ளைகள். நான்கில் ஒரு பிள்ளைக்கு மட்டும் கறுப்பு நிறம் தீட்டியிருக்கும். அப்பா அம்மா இருவரும் வெளியே தெரியாமல் ஒரு குறையைச் சுமந்தால், பிள்ளைக்கு நோய் வருவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு என்பதற்கான படம். அந்தப் படம் இருக்கிற புத்தகத்தை அவர் வாங்கவே மாட்டார். கேள்வி கிடையாது, கண்ணை மூடுவது கிடையாது. அந்தப் பக்கம் வந்ததும் மூடிப் பெட்டியில் வைத்துவிடுவார். ஊரிலிருந்து படித்துப் போன ஒரு டாக்டர் விலையுயர்ந்த தடித்த புத்தகம் ஒன்றை அன்பளிப்பாகக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மரியாதையாக வாங்கி, நன்றி சொல்லி, அவர் போனதும் அந்தப் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, அலுமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. இவ்வளவு நிதானமான மனுசிக்குள் இப்படி ஒரு முரண்டா?

கறுப்பு நிறத்தை நோயாகக் காட்டியிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். ஒரு நாள் அதைச் சொல்லியும் காட்டினேன், படத்தில் தப்பு இருக்கிறது, வேறு நிறம் போட்டிருக்கலாம் என்று. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"படத்துல ஒரு தப்பும் இல்ல அண்ணே. படம் சரியாத்தான் இருக்கு."

அதோடு பேச்சை மாற்றிவிட்டார். அன்றைக்குச் சாயத்தண்ணி கொடுக்கவும் மறந்துவிட்டார். பாலில்லாத தேநீரைத்தான் அப்படிச் சொல்வோம். அவர் வீட்டில் எப்போதும் அதுதான்.

பிறகு டொலர் தட்டுப்பாடு வந்தது. சென்னைப் புத்தகம் வருவது நின்றது, பஸ் ஓடுவதும் அடிக்கடி நின்றது. எங்கள் வியாபாரம் வாட்ஸ்அப்பில் நடந்தது. நான் அட்டையைப் படம் எடுத்து அனுப்புவேன். அட்டை வேண்டாம் அண்ணே, நடுப்பக்கம் அனுப்புங்கள் என்று பதில் வரும். நடுப்பக்கம் என்று எதையோ அனுப்பினால், இது நடு இல்லை, பக்க எண் தெரிகிறது என்று அதற்கும் பதில் வரும். அண்ணன் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

நிலைமை சற்றுத் தெளிந்த பிறகு ஒரு நாள் அவரே போன் எடுத்தார். அதற்கு முன் அவர் தானாக எடுத்ததில்லை. மகள் சாதாரணதரம் நன்றாகப் பாஸ் பண்ணிவிட்டாள், உயர்தரத்துக்கு உயிரியல் எடுக்கிறாள், அதற்கு முன்னால் அவள் கையில் கொடுக்க மரபியலில் ஒரு முதல் புத்தகம் வேண்டும் என்றார். அவசரம் என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

அவருக்கு இரண்டு பிள்ளைகள் என்பது எனக்குத் தெரியும். மூத்தவன் ஹட்டனில் போன் திருத்தும் கடையில் இருந்தான். மகளை வாசிகசாலையில் பார்த்திருக்கிறேன். மெலிந்த, கொஞ்சம் மஞ்சள் பூத்த முகம், வாய் ஓயாத பேச்சு. என் புத்தகப் பெட்டியைக் கண்டால் பிள்ளை கடத்துகிறவர் வந்துவிட்டார் என்று சத்தம் போடுவாள். இரண்டு பேருக்கும் தலசீமியா என்பதையும் தோட்டத்தில் எல்லோரையும்போல நானும் அறிந்திருந்தேன். உடம்பு சரியாக இரத்தம் ஊறவைக்காது, மாதா மாதம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஏற்றுகிற இரத்தத்தால் உடம்பில் இரும்பு சேரும் என்பதால் சாப்பாட்டோடு சாயத்தண்ணி குடிக்கச் சொல்லியிருந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்ததற்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான் என்று அந்தப் பெண் சொல்லிச் சிரிப்பாள். இவ்வளவும் தெரிந்திருந்தும் அந்தப் படத்தையும் இந்தக் குடும்பத்தையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. அவ்வளவு புத்திசாலி நான்.

புதிதாக வந்திருந்தவற்றில் தேடி ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை நடுப்பக்கத்தை நானும் பார்த்திருந்தேன். அதில் நான்கு பிள்ளைகள் இல்லை. அப்பா, அம்மா, கீழே முகம் வரையாத ஒரே ஒரு பிள்ளை, பக்கத்தில் கேள்விக்குறி. பக்கத்தைத் திருப்பினால் மறுபடி அதே அப்பா, அதே அம்மா, இரண்டாவது பிள்ளை, அதே கேள்விக்குறி. ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது என்று படத்துக்குக் கீழேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

அவர் சன்னலோரம் நின்று படித்தார். பிறகு பிள்ளைகள் உட்காரும் வாங்கில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து படித்து அன்றுதான் பார்த்தேன். சரியாக இருக்கிறது என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல புத்தகம் கிடைத்ததற்கு இவ்வளவு கலங்குவானேன் என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னார். கட்டிக்கொண்டது அத்தை மகனை. எங்கள் ஆட்களில் அது வழக்கம்தான், முறைப்பையன் இருக்க வெளியே பார்ப்பதில்லை. கல்யாணத்துக்கு முன் இரத்தம் பார்க்கிற பேச்சே அப்போது அந்தப் பக்கம் கிடையாது. மூத்தவன் வெளுத்து வெளுத்து வந்து, நோய் இன்னதென்று தெரிந்தபோது, கிளினிக் நெரிசலில் யாரோ ஒருவர் சிங்களத்தில் நான்கில் ஒன்று என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். உயிரியல் படித்த பெண் அல்லவா, அதை அப்படியே விடவில்லை. ஆரம்பப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்துப் பார்த்தார். நான்கு பிள்ளைகள் உள்ள படம் இருந்தது.

"லயத்து வீடுகள்ல பொம்பளைங்க சீட்டுப் பிடிப்போம்ல அண்ணே. பேர எழுதி டின்னுல போட்டுக் குலுக்குவோம். ஒரு தடவ விழுந்த பேரு மறுபடி டின்னுக்குள்ள போகாது. நான் அந்தப் படத்த அப்படித்தான் பார்த்தேன். நாலுல ஒண்ணு. நமக்கு மூத்தவன்லயே விழுந்திருச்சு, இனி விழாதுன்னு அவருக்கும் நானேதான் வெளங்கப்படுத்தினேன்."

அவர் மடியில் இருந்த புத்தகத்தில் இரண்டாவது பிள்ளை உள்ள பக்கத்தைத் திருப்பினார்.

"ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு சீட்டையும் திரும்ப டின்னுல போட்டுத்தான் குலுக்குறாங்க. அது அடுத்த பக்கத்துல இருந்திருக்கு. நான் படத்தோட மூடிட்டேன்."

மகள் பிறந்து சில மாதத்தில் அவள் முகமும் வெளுத்தது. அடுத்த பக்கத்தை அவர் படித்தது அதற்குப் பிறகுதான்.

இத்தனை வருடம் எனக்குப் பிடிபடாமல் இருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் பிடிபட்டது. ஆனால் அவருடைய கலக்கம் பழைய கதைக்காக அல்ல. மகள் இந்தப் புத்தகத்தைப் படிப்பாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒன்று என்று விளங்கும். அண்ணனுக்கு நோய் என்று தெரிந்த பிறகுதான் நாம் பிறந்தோம் என்ற கணக்கையும் போடுவாள். அப்புறம் ஒன்று, தெரிந்தே நம்மைப் பெற்றார்கள் என்று நினைப்பாள். இல்லையென்றால், விளங்காத ஒரு படத்தால் வந்த பிள்ளை நான் என்று தெரிந்துகொள்வாள். எதுவானாலும் வலிக்கும். எதுவுமே சொல்லாமல் பாடப்புத்தகத்தில் அவளாகவே கண்டுபிடித்தால் இன்னும் வலிக்கும்.

"தப்பான புத்தகத்தையெல்லாம் தள்ளிக்கிட்டே இருந்தேன். பிள்ளைங்களுக்காகத்தான்னு நெனச்சேன். சரியான புத்தகம் வந்துட்டா இவ கையில குடுக்கணுமேங்கிற பயமும் இருந்திருக்கு அண்ணே."

வேண்டுமென்றால் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். வியாபாரியாக அல்ல, மனசார. அவர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று தலையசைத்தார்.

அடுத்த மாதம் போகும்போது பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை யோசனையில் தாண்டிவிட்டேன். பிறத்தியார் வீட்டு விஷயத்தில் எனக்கு இப்படி ஆனதில்லை. வாசிகசாலையில் அவர் மட்டும் இருந்தார். பிள்ளைகள் இருவரும் இரத்தம் ஏற்றப் போயிருந்தார்கள். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

மகள் பாதியில் மூடவில்லை. கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து அடுப்படி மேசையில் வைத்தாள். இரண்டு நாள் வழக்கமான பேச்சு இல்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, அண்ணனுக்கு நோய் என்று தெரிந்த பிறகுதானே நான் பிறந்தேன் என்று கேட்டாள். இவர் எல்லாவற்றையும் சொன்னார். சீட்டு டின்னையும் சொன்னார், படத்தோடு மூடியதையும் சொன்னார். அவள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த பக்கத்தைப் படித்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டாள்.

எந்தத் தாயும் அங்கே ஒரு பொய் சொல்லியிருப்பாள். சொன்னாலும் யாரும் குறை சொல்ல முடியாது. அரைகுறையாகத் தெரிந்துகொண்டது என்ன செய்யும் என்று இவருக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? உண்மையைச் சொன்னார்.

"உன்னப் பெத்திருக்க மாட்டேன்னு சொன்னேன் அண்ணே."

மகள் சோற்றை முழுதாகச் சாப்பிட்டாள். சாயத்தண்ணியைக் குடித்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

"அப்ப நான் இல்லாம அண்ணன் இவ்வளவு காலமும் தனியாத்தானே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்."

அவ்வளவுதான் சொன்னாளாம். சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்து வாசலைக் கூட்டப் போய்விட்டாளாம்.

மிஸ் இதைச் சொல்லி முடித்தபோது நான்தான் அழுதுகொண்டிருந்தேன். அவர் அழவில்லை. பின்னேர பஸ்ஸில் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள், பசியோடு வருவார்கள் என்று சொல்லிவிட்டு, சோறு வைக்க எழுந்து போனார்.